பழவங்காடியில் பரீட்சை பண்ணிய கேமரா

மைனி,

இன்று காலை என் ஆட்டோ நெரிசலில் மாட்டிக்கொண்டு பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு நேர் எதிரே நின்றுவிட்டது. உடைத்த தேங்காயின் மணம் வந்தது. வெயிலேறிய கல்லில் தேங்காய்த் தண்ணீர் காய்ந்து, கொஞ்சம் புளித்தும் கொஞ்சம் இனித்தும் வருமே, அந்த மணம். ஆட்டோக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். "மெதுவா போவலாம், அவசரம் ஒண்ணும் இல்ல" என்றேன். அவசரம் இல்லை என்று நான் சொல்லி நீங்கள் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள்.

நீங்கள் போனபிறகு இந்த வழியாக எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். கூட்டம், பஸ், பூக்கடை என்று எதையாவது பார்த்துக்கொண்டு கடந்துவிடுவேன். இன்று வண்டி நின்றதால் கடக்க முடியவில்லை. எதிர்ப்பக்கத்து வளையல் கடைப் படியில் நீங்களும் நானும் வெயிலில் நின்றதெல்லாம் வந்து முன்னால் நின்றது. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் கல்ஃபுக்குப் போனபோது, ஆரியசாலையில் மாடியில் இருந்த அவன் போட்டோ ஸ்டுடியோவை மூடிவிடலாம் என்றுதான் வீட்டில் பேச்சு. "மூடுவானேன்? நான் இருக்கேன்லா" என்றீர்கள். பாறசாலைப் பக்கத்தில் பிறந்து, கல்யாணமாகி வந்து, அண்ணனுக்கு லைட் பிடித்துக் கொடுத்தே படம் எடுக்கப் பழகியவர் நீங்கள். புருஷன் வீட்டோடு ஒத்துப்போகாமல் பெட்டியோடு திரும்பி வந்திருந்த என்னை, "சும்மா இருந்து மூஞ்சியைத் தூக்காதே, வந்து பையைப் பிடி" என்று கூட்டிக்கொண்டு போனீர்கள். உங்களைவிட எனக்கு ஒன்றிரண்டு வயதுதான் குறைவு. ஆனாலும் நாத்தனார் என்ற முறையில் உங்களை அதிகாரம் பண்ணலாம் என்றுதான் நினைத்தேன். நடக்கவில்லை.

கல்யாண வீடுகளில் நமக்குத் தனி மதிப்பு இருந்தது. மணப்பெண் சேலை கட்டும் அறைக்குள் ஆண் போட்டோகிராபர் போக முடியாது, நாம் போகலாம். ஆரியசாலைப் பாத்திரக்கடைக்காரர் தன் மூத்த மகள்களின் கல்யாணத்துக்கு உங்களைத்தான் கூப்பிட்டார். பத்திரிகை அடிக்கும் முன்பே உங்களிடம் தேதி கேட்டு வந்துவிடுவார்.

அதற்குப் பிறகுதான் உங்கள் வலது கை சரியில்லாமல் போனது. மடியில் சும்மா வைத்திருக்கும்போது நடுங்கும். எதையாவது பிடித்துக்கொண்டால் நடுக்கம் அடங்கிவிடும். ஆனால் விரல் சொன்னபடி கேட்காது. டாக்டர் நரம்பு சம்பந்தமான ஒரு பெயரைச் சொன்னார், மாத்திரை எழுதிக் கொடுத்தார். அண்ணனுக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள். சாவதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் கவலையெல்லாம் ஒன்றுதான், அதையும் என்னிடம்தான் கேட்டீர்கள். "மக்ளே, படம் எடுக்க முடியாம ஆயிடுமோ?"

அந்தச் சமயத்தில்தான் அண்ணன், ஊருக்கு வந்த யாரிடமோ டிஜிட்டல் கேமராவைக் கொடுத்து அனுப்பினான். நம் தெருவில் அப்போது யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பிலிம் கிடையாது, முதுகில் சின்னத் திரை, எடுத்ததை அப்போதே பார்க்கலாம். செய்தி பாத்திரக்கடைக்காரருக்கு எப்படிப் போனதோ, மறுநாளே படியேறி வந்துவிட்டார். கடைசி மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் தம்பி அமெரிக்காவில், லீவு கிடைக்கவில்லை. "தாலி கட்டுகது அன்னைக்கே அவனுக்குக் கம்ப்யூட்டர்ல போவணும். நீங்கதான் எடுக்கணும் கேட்டேளா, வேற ஆளு வேண்டாம்" என்றார்.

நீங்கள் உடனே சரி சொல்லவில்லை. "புது சாதனம். பரீட்சை பண்ணிப் பாத்துட்டுச் சொல்லுகேன்" என்றீர்கள். அவர் போனதும் என்னைப் பார்த்தீர்கள். பரீட்சை கேமராவுக்கு மட்டும் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

முதலில் வேகம். கேமராவின் பொத்தானை அமுக்கினால் உடனே படம் விழவில்லை. அது ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் எடுத்தது. வீட்டில் சுவரையும் அடுப்பையும் எடுத்தபோது அது தெரியவில்லை. சட்டென்று நடந்து முடிகிற ஒன்று வேண்டும், திரும்பத் திரும்ப நடக்கவும் வேண்டும். பழவங்காடி என்று சொன்னது நீங்கள்தான். நாள் முழுக்க யாராவது நேர்ச்சைத் தேங்காய் உடைத்துக்கொண்டே இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் முதல் பெஞ்சில் உட்காருகிற நாம் இரண்டு பேரும் திங்கட்கிழமை பிள்ளையார் கோயில் எதிரே கேமராவோடு நின்றோம்.

வளையல் கடைக்காரர், "எந்தா சேச்சி, பத்ரத்தில் நின்னாணோ?" என்று கேட்டார். பத்திரிகையிலிருந்து வருகிறோமா என்று. நான் முறைப்பதற்குள் நீங்கள் சிரித்துக்கொண்டே, கேமரா புதுசு, தேங்காய் உடைவது அதில் விழுகிறதா என்று பார்க்கிறோம் என்றீர்கள். அவருக்கு அது பிடித்துவிட்டது. கடையை விட்டுவிட்டு நம் பக்கத்தில் வந்து நின்று, "இப்பொ, இப்பொ" என்று கத்த ஆரம்பித்தார். அவரால் நாம் தவறவிட்ட தேங்காய்கள் அதிகம்.

நீங்கள் எடுத்தவற்றைத் திரையில் பார்த்தோம். ஒன்றில் தேங்காய் இன்னும் கையில். ஒன்றில் சிதறிய சில்லு, அதைப் பொறுக்கக் குனிந்த ஆள். ஒன்றில் ஆளும் இல்லை, தேங்காயும் இல்லை, ஈரக் கல் மட்டும். "கேமராவுக்கு வேகம் போராது" என்று நான் சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லத்தான் எனக்கு ஆசை.

"ஒண்ணு நீ எடுத்துப் பாரு."

உடைக்கிறவரின் கை மேலே போய் நிற்கிற இடத்தில் நான் அமுக்கினேன். முதல் சில படங்கள் தப்பின. அப்புறம் தேங்காய் கல்லைத் தொடும் இடத்தில் விழ ஆரம்பித்தது. நீர் சிதறுவதுகூட ஒன்றில் தெரிந்தது. ஆனால் என் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம். உடைத்தவருக்குத் தலை இல்லை. ஓரத்தில் பாதி பஸ். எனக்கு விரல் உண்டு, கண் கிடையாது என்று நீங்கள் எப்போதும் கிண்டல் பண்ணுவது அன்றைக்கும் சரியாகத்தான் இருந்தது.

நீங்கள் அந்தப் படங்களை நெடுநேரம் பார்த்தீர்கள். "கேமராவைக் குத்தம் சொல்லாதே மக்ளே. அது எப்பளும் ஒரே அளவுதான் பிந்துது. அதைப் பழகிக்கிடலாம். எனக்க விரலு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி பிந்துது" என்றீர்கள். குரலில் அழுகை இல்லை. கடைக்காரரிடம் நன்றி சொல்லி, உங்கள் சின்ன மகளுக்கு வளையல் வாங்கிக்கொண்டு வந்தீர்கள். நான்தான் வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்று சொன்னேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். நீங்கள் விடவில்லை. அடுத்தது பேட்டரி. கல்யாண மண்டபத்தில் காலையிலிருந்து மத்தியானம் வரை தாங்குமா என்று பார்க்க வேண்டும். மண்டபத்தில் உட்கார்ந்து பார்க்கலாமே என்றேன். "ஒரு நாளு வெளிய போவோம்லா" என்று பொன்முடிக்குக் கூட்டிப்போனீர்கள். ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் எப்போது என்று யாருக்கும் தெரியாத மலை. வளைவுக்கு வளைவு நான் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் ஜன்னல் வழியாக எடுத்துக்கொண்டே வந்தீர்கள்.

மேலே பனி. கொஞ்ச நேரத்தில் கேமரா செத்துவிட்டது. திரையில் சிவப்பாக ஏதோ மின்னியது, அணைந்தது. அண்ணனைத் திட்ட வாய் திறந்தேன். நீங்கள் பேட்டரிகளைக் கழற்றி, சேலை மடிப்புக்குள் இடுப்போடு சேர்த்துச் செருகிக்கொண்டீர்கள். எஸ்டேட் தொழிலாளர் லயத்துப் பக்கத்துக் கடையில் பாலில்லாத கட்டன் சாயா குடித்து முடித்துவிட்டு எடுத்துப் போட்டபோது கேமரா மறுபடி கண் திறந்தது. "குளிரு பிடிச்சிருக்கு, வேற ஒண்ணும் இல்ல" என்றீர்கள், பிள்ளைக்குச் சளி என்பதுபோல. திரையை அணைத்துவிட்டுச் சின்னக் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்து எடுத்தால் இன்னும் நெடுநேரம் வருகிறது என்பதையும் அன்றைக்குக் கண்டுபிடித்தோம்.

அன்றைக்கு இன்னொன்றையும் கவனித்தீர்கள். காலையில் மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து உங்கள் விரல் நன்றாகவே வேலை செய்தது. நேரம் ஆக ஆக மெல்ல இறங்கியது. தேயிலைச் சரிவைப் பார்த்தபடி, "எனக்கும் பேட்டரிதான்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. "முகூர்த்தத்துக்குக் கணக்குப் பண்ணி மாத்திரை போட்டா மதி, அது போரும், பாத்தியா?" என்றீர்கள். உங்கள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

கடைசிப் பரீட்சை கார்டு. எத்தனை படம் கொள்ளும், நிறைந்தால் அழிக்க எவ்வளவு நேரமாகும் என்று தெரிய வேண்டும். வீட்டிலேயே செய்தோம். கார்டை நிறைப்பது என் வேலை. நீங்கள் மாவு பிசைந்தீர்கள், மீன் கழுவினீர்கள், மகளுக்குத் தலை பின்னினீர்கள், பக்கத்து வீட்டுக்காரியோடு வேலி வழியாக மலையாளத்தில் சண்டை போட்டீர்கள். எல்லாவற்றையும் எடுத்தேன். கார்டு நிறைந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தீர்கள். நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்த படங்களில் உங்கள் முகம் தெளிவாக இருந்தது, மடியில் கிடந்த வலது கை மட்டும் புகையாகக் கலைந்திருந்தது. அப்படி அதை நீங்கள் அதுவரை பார்த்ததில்லை.

"அழிக்க எவ்வளவு நேரம் ஆவுதுண்ணு பாப்போம்" என்று சொல்லி எல்லாவற்றையும் அழித்தீர்கள். திரையில் ஒரு கோடு நிறைந்தது, கார்டு காலி. எனக்கும் அது அப்போது பரீட்சையாகத்தான் பட்டது, தடுக்கவில்லை. இப்போது நினைத்தால் உங்கள் மேல் கோபம் கோபமாக வருகிறது மைனி. ஒரு நாள் முழுக்க நீங்கள் அதில் இருந்தீர்கள். ஒன்றையாவது எனக்கு விட்டிருக்கலாம்.

அன்று சாயங்காலம், பாத்திரக்கடைக்காரரிடம் முடியாது என்று சொல்லப்போகிறேன் என்றீர்கள். அந்தப் புகைக் கை உங்களைப் பயமுறுத்திவிட்டது. எனக்கு வந்ததே ஆத்திரம்! பிசைந்த மாவை மூடியும் வைக்காமல் உங்கள் முன்னால் வந்து நின்றேன். "உங்களுக்கு என்ன கெட்டுப்போச்சு? கண்ணு இருக்கு, வாயி இருக்கு. விரலுதானே இல்ல? அதுக்கு நான் இருக்கேன்லா!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் நான் சொன்னது என்னவென்று எனக்கே புரிந்தது. நீங்கள் கேமராவை எடுத்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்துக் கண்ணில் பிடித்தீர்கள். "கொண்டா விரலை" என்றீர்கள்.

மறுநாள் மறுபடியும் பழவங்காடி. நீங்கள் பார்த்துப் பிடிக்க, நான் உங்கள் முன்னால் ஓரமாக, என் முதுகு உங்கள் தோளில் படும்படி நின்று, கையைப் பின்னால் மடக்கிப் பொத்தான்மேல் விரலை வைத்திருந்தேன். நீங்கள் "ம்" என்றதும் அமுக்க வேண்டும். உங்கள் "ம்" மட்டும் ஒருபோதும் பிந்தவில்லை. தேங்காய் உடைந்தது, உடைத்தவருக்குத் தலையும் இருந்தது, பஸ் இல்லை. வளையல் கடைக்காரர் திரையைப் பார்த்துவிட்டுக் கை தட்டினார்.

ஆனாலும் கல்யாணத்துக்குப் போகும் வழியில் நீங்கள் ஒன்று சொன்னீர்கள். "முடிஞ்ச வரை நானே எடுப்பேன். நாலு பேரு முன்ன அப்படி ஒட்டிக்கிட்டு நிக்க வெக்கமாட்டு இருக்கு." நான் சரி என்றேன். மாத்திரையைக் கணக்குப் பண்ணிப் போட்டிருந்தீர்கள். மாற்றுப் பேட்டரி இடுப்பில், திரை அணைந்தபடி, கார்டில் தாலிக்கென்று இடம் ஒதுக்கி வைத்திருந்தோம். எல்லாவற்றையும் பரீட்சை பண்ணியாயிற்று.

தாலித் தட்டை மறந்துவிட்டோம். எத்தனை கல்யாணம் எடுத்திருக்கிறோம், இதை எப்படி மறந்தோம்? தேங்காய்மேல் தாலியை வைத்த தட்டு ஆசி வாங்கக் கூட்டத்துக்குள் இறங்கியது. ஆரியசாலை வியாபாரிகள் மொத்தமும் அன்று அந்த மண்டபத்தில். ஒருவரையும் விட முடியாது. தட்டு பின்வரிசை வரை போனது, மாடிக்கு ஏறியது, சாப்பாட்டுக் கூடத்தில் இலை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரைத் தேடிப் போனது. வாத்தியார் முகூர்த்தம் கடக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தார். நான் உங்கள் கையைப் பார்த்தேன். மாத்திரையின் நேரம் கடந்து, கேமராவின்மேல் இருந்த விரல் மெல்லக் கனத்து, உங்களுடையதே இல்லை என்பதுபோல ஆகிக்கொண்டிருந்தது. நானாக ஒன்றும் சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கேட்பதானால் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

தட்டு மேடை ஏறியது. வாத்தியார் நாதஸ்வரக்காரரைப் பார்த்து விரலை ஆட்டத் தயாரானார். கூட்டம் எழுந்து நின்றது, கைகளில் அட்சதை. நீங்கள் திரும்பாமலே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னீர்கள்.

"மக்ளே, விரலு வேணும்."

வந்து ஒட்டிக்கொண்டு நின்றேன். யார் பார்த்தார்கள், யார் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று வாத்தியார் விரலை ஆட்டினார். நாதஸ்வரமும் தவிலும் ஒரே நேரத்தில் வெடித்தன, அட்சதை மழையாக வந்தது. அந்த இரைச்சலில் நீங்கள் சொன்னது என் காதில் விழவே இல்லை. ஆனால் என் முதுகில் அழுந்தியிருந்த உங்கள் தோள் வழியாக அந்த "ம்" வந்தது. அமுக்கினேன்.

மாப்பிள்ளையின் கை முடிச்சில், பெண்ணின் கண் பாதி மூடி, அட்சதை அந்தரத்தில். திரையை ஏற்றிப் பார்த்ததும் நீங்கள் "கொள்ளாம்" என்றீர்கள், நன்றாக இருக்கிறது என்று. அவ்வளவுதான். பாத்திரக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இதை எடுத்தது யாரு, நீங்களா, அவியளா?" என்று கேட்டார். "ஓ" என்றீர்கள், ஆமாம் என்பதுபோல. அந்த "ஓ" யாருக்கு என்று அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

அதன்பிறகு நாம் வெட்கப்படவில்லை. அண்ணனிடமும் சொன்னீர்கள், அவன் போனில் அழுதான், நீங்கள்தான் அவனுக்கு ஆறுதல் சொன்னீர்கள். கல்யாணம், வளைகாப்பு, சபையில் ஞானஸ்நானம் என்று எல்லா இடத்திலும் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றோம். ரெட்டைப்பிள்ளை ஸ்டுடியோ என்று ஆரியசாலைக் கடைத்தெருவில் பெயரே வைத்தார்கள். பின்னாளில் உங்கள் குரலும் தாழ்ந்துபோனது. நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தீர்கள், நான் தரையில் உட்கார்ந்து உங்கள் முழங்காலில் சாய்ந்துகொண்டேன். "ம்" கேட்காது, முழங்காலில் தெரியும். கேமராவைத் தூக்க முடியாத நாள் வரை எடுத்தீர்கள். எடுக்க முடியாமல் ஆயிடுமோ என்று கேட்டீர்களே, அந்த நாள் நீங்கள் பயந்ததைவிட ரொம்பப் பிந்தித்தான் வந்தது.

ஸ்டுடியோவை இப்போது உங்கள் மகள்தான் பார்த்துக்கொள்கிறாள். வாயைத் திறந்தால் பாதி மலையாளம், ஆனால் கண் அப்படியே உங்களுடையது. ஆள் போதாத நாட்களில் நானும் கேமராவோடு போகிறேன். இப்போதெல்லாம் கேமராக்கள் யோசிப்பதில்லை. அமுக்கிய இடத்தில் எடுத்துவிடுகின்றன. ஆனாலும் என் படங்கள் கொஞ்சம் பிந்தித்தான் விழுகின்றன. போன வாரம் ஒரு கல்யாணத்தில் அவள் கேட்டேவிட்டாள்.

"அத்தே, கேமராவுக்கு லேட் இல்லல்லோ. பின்ன எதுக்கு நிக்குதீங்க?"

வயசாகிவிட்டது என்று சொல்லிவைத்தேன். அவள் நம்பிவிட்டாள். வயதால் இல்லை, மைனி. எல்லாம் சரியாக இருக்கும், விரல் பொத்தான்மேல் இருக்கும், நான் உங்கள் "ம்" வரட்டும் என்று நிற்கிறேன். வராது என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தெரிகிறது. அப்புறம்தான் அமுக்குகிறேன்.